கறுத்த வெள்ளிக் காசை மினுக்கலாமா?

சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் மட்டக்களப்பு வீடுகளில் குத்துவிளக்கும் செம்பும் தாம்பாளமும் துலக்கப்படுகையில், அலுமாரியின் அடித்தட்டில் தகரப் பெட்டிக்குள் கிடக்கும் வெள்ளிக் காசுகளும் சில வீடுகளில் வெளியே வரும். மருத்துநீர் வைத்து நீராடி, புத்தாடை உடுத்தி, மூத்தவர்களிடம் கைவிசேஷம் வாங்கும்போது, செலவுக்குரிய தாளுடன் ஒரு பழைய வெள்ளி ரூபாவையும் வெற்றிலையில் வைத்து நீட்டி, பிள்ளைகள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிய பின் மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ரூபா அம்மம்மாவுக்கு அவருடைய தாயிடமிருந்து வந்தது. ஆண்டுதோறும் திருநீறு தொட்டுத் தேய்க்கப்பட்டு வந்ததால் அது எப்போதும் வெளுத்து மின்னும். அதே பெட்டியில், கைவிசேஷத்துக்கு எடுக்கப்படாத வேறு சில காசுகள் கரிபோலக் கறுத்துக் கிடக்கின்றன. "மாமா, இதுகளையும் மினுக்கட்டா?" என்று தங்கையின் மகள் இம்முறை கேட்டபோது, வேண்டாம் என்றேன். காரணத்தை ஒழுங்காகச் சொல்ல அன்று நேரம் இருக்கவில்லை; அதை இங்கே எழுதுகிறேன்.

வெள்ளியின் மேல் தெரியும் கறுப்பை அழுக்கு என்று எண்ணுவதிலேயே பிழை தொடங்குகிறது. செம்பும் இரும்பும் சேர்வதுபோல வெள்ளி காற்றிலுள்ள ஒட்சிசனுடன் எளிதில் சேர்வதில்லை. காற்றில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் ஐதரசன் சல்பைட்டு முதலிய கந்தகச் சேர்வைகள்தாம் அதைத் தாக்குகின்றன. அந்தக் கந்தகம் காசின் மேற்பரப்பிலுள்ள வெள்ளியுடன் கூடி வெள்ளிச் சல்பைட்டாக மாறுகிறது. நாம் காணும் கறுப்பு அதுவே. இந்தச் சல்பைட்டின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு வெள்ளியாகும். ஆகவே கறுத்த காசைத் தேய்த்த துணியில் ஒட்டியிருப்பது வெளியிலிருந்து வந்து படிந்த தூசி என்று கொள்ள முடியாது. காசு தன் உடம்பிலிருந்து கொடுத்த வெள்ளியே அதில் பெரும்பங்கு. துலக்கிய காசு மறுபடி கறுக்கும். மறுபடி துலக்கினால் அடுத்த படையும் போகும்.

எங்கள் பகுதியில் வெள்ளி விரைவாகக் கறுப்பதற்கு நிலமும் நீருமே காரணமாகின்றன. வாவியில் நீர் வற்றும் காலத்தில் கரைச் சேற்றிலிருந்து எழும் அழுகிய முட்டை நாற்றத்தை இங்குள்ள எவரும் அறிவர். காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், உவர்நீரில் உள்ள சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுவதால் பிறக்கும் மணம் அது. மட்டக்களப்பிலிருந்து தெற்கே அம்பாறை மாவட்டம் வரை நீளும் வாவியும், கண்டல் காடுகளும், நீர் தேங்கிய வயல்களும் அந்த வாயுவைச் சிறுகச் சிறுக வெளியிடுகின்றன. மாரிகாலத்தின் ஈரமும் கடற்காற்று கொண்டுவரும் உப்பும் அதற்குத் துணை. வீட்டுக்குள்ளும் கந்தகம் உண்டு: முட்டை, வெங்காயம், தீக்குச்சி, கம்பளி, பழைய செய்தித்தாள், எல்லாவற்றிலும் மோசமாக இறப்பர் வளையம். காசுகளை அடுக்கி இறப்பர் வளையத்தால் கட்டி வைத்த வீடுகளில், வளையம் பட்ட இடம் மட்டும் கறுத்த கோடாகப் பதிந்திருப்பதைக் காணலாம்.

எல்லாக் கறுப்பும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சல்பைட்டுப் படை மிக மெல்லியதாக இருக்கும்போது, அதன் மேற்பரப்பிலும் அடியிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலப்பதால் நிறங்கள் தோன்றுகின்றன. நீரின் மேல் பரவிய எண்ணெயில் வண்ணம் தெரிவது போன்றதே இதுவும். முதலில் வெளிர் மஞ்சள், பின்னர் பொன்னிறம், செந்நிறம், ஊதா, நீலம் என்று மாறி, படை தடித்த பிறகே சாம்பலும் கறுப்பும் வரும். பல்லாண்டுகள் அமைதியாகக் கிடந்த காசின் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிற்கழுத்து நிறம் பரவியிருந்தால், சேகரிப்போர் அதை அழகென்றே கொள்வர்; அதற்காகக் கூடுதல் விலை கொடுப்போரும் உண்டு. அவ்வளவு அழகில்லாத சீரான சாம்பற் கறுப்புகூட ஒரு சான்று: இந்தக் காசின் முகத்தில் நெடுங்காலம் எவரும் கைவைக்கவில்லை என்று அது சொல்கிறது.

கிழக்கிலங்கை வீடுகளில் எந்தெந்த வெள்ளிக் காசுகள் கிடக்கக்கூடும் என்பதை அறிந்தால் முடிவெடுப்பது எளிதாகும். பிரித்தானிய ஆட்சியில் இலங்கை 1872இல் ரூபா, சதம் என்ற பதின்ம முறைக்கு மாறியது. எனினும் அவ்வாட்சி இலங்கைக்கென அடித்த வெள்ளிச் சதக் காசுகள் 10, 25, 50 சதங்களே. முழு வெள்ளி ரூபாவாகக் கையில் புழங்கியது இந்திய ரூபாதான். விக்டோரியா முதல் ஐந்தாம் ஜோர்ஜ் வரையான அந்த ரூபாவின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. தட்டார்கள் அதையே எடைக்கல்லாக வைத்து நிறுத்ததும் இதனாலேயே. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940க்குப் பின் வந்த ஆறாம் ஜோர்ஜின் ரூபாவில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. மீதி செம்பும் சிறிது நிக்கலும் நாகமும். தாளிப்பனை பொறித்த இலங்கைச் சதக் காசுகள் 1892இலிருந்து ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளியுடன் அடிக்கப்பட்டு, 1919இல் 550 பங்காக இறங்கின. 1957இல் புத்த ஜயந்திக்காக வந்த ஐந்து ரூபா வெள்ளிக் காசு, பயன்படுத்தப்படாமலே பத்திரப்படுத்தப்பட்டதால், பெரும்பாலும் நல்ல நிலையில் கிடைக்கும். நல்ல நிலையில் இருப்பதாலேயே தேய்ப்பினால் அதிகம் இழப்பதும் அதுதான்.

வெள்ளித் தரத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. செம்பு கூடிய காசில் கறுப்புக்கு அடியில் பச்சைக் களிம்பும் இருக்கக்கூடும். அத்துடன், தரம் குறைந்த வெள்ளியில் காசு அடிக்கும்போது, வெறும் தகட்டை அமிலத்தில் இட்டு மேற்பரப்புச் செம்பைக் கரைத்து, வெளித்தோலை வெண்மையாக்கும் வழக்கம் இருந்தது. அந்தத் தோலைத் தேய்த்தெடுத்தால் உள்ளிருந்து மஞ்சளும் செம்மையும் கலந்த மேனி வெளிப்படும். மினுக்கினால் வெள்ளியாகும் என்று நம்பியவர் கையில் அது பித்தளைபோலத் தெரியத் தொடங்கும்.

இனி, தேய்த்தால் எது போகிறது என்ற கேள்விக்கு வருவோம். அச்சு வெள்ளித் தகட்டின் மேல் பேரழுத்தத்துடன் விழும்போது, உலோகம் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை மேற்பரப்பில் விட்டுச்செல்கிறது. புதிய காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒளிக்கற்றை சக்கரத்தின் ஆரக்கால்போலச் சுழல்வது அந்த வரிகளால்தான். இந்த மூல ஒளி அச்சுக்கூடத்தில் ஒரே ஒருமுறை பிறப்பது. கறுப்புப் படையின் கீழ் அது உயிரோடிருக்கலாம். தேய்ப்பவர் விரலுக்குக் கீழே அது இறந்துபோகும். தேய்த்த காசும் மின்னும், ஆனால் அது எங்கும் ஒரே மாதிரியான தட்டை மினுக்கம்; உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும்.

எங்கள் கைவிசேஷ ரூபாவில் போனது அதைவிடப் பெரிது. அது 1862 என்று ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபா. அந்த ஆண்டு எண்ணை மாற்றாமலே 1874 வரை ரூபாக்கள் அடிக்கப்பட்டன. பூப்பக்கத்தில் இடப்பட்ட சின்னஞ்சிறு புள்ளிகளின் எண்ணிக்கையைக் கொண்டே இன்று அவற்றை நாணயவியலார் வகைபிரிக்கின்றனர். தலைமுறை தலைமுறையாகத் திருநீறு பட்ட எங்கள் காசில் புள்ளி இருந்ததா இல்லையா என்றே இப்போது கூற முடியாது. இதேபோல, 1911இல் வெளியான ஐந்தாம் ஜோர்ஜின் ரூபாவில், மன்னரின் மேலங்கியில் உள்ள யானை பன்றிபோலத் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, அடுத்த ஆண்டில் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி உருவம் திருத்தப்பட்டது. அந்தச் சிறு யானை உளுந்தளவுகூட இராது. அதன் துதிக்கையில் அடங்கியிருக்கும் வரலாற்றை அழிக்க ஐந்து நிமிடத் தேய்ப்பு போதும்.

வீட்டு முறைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், அவை ஏன் பயன்படுவதுபோலத் தோன்றுகின்றன என்பது விளங்கும். சாணத்தைச் சுட்டெடுத்த திருநீற்றில், மாடு தின்ற புல்லிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் வந்த சிலிக்கா உண்டு. நெல் விளையும் எங்கள் ஊர்களில் பாத்திரம் துலக்கவும் பல் தேய்க்கவும் பயன்பட்ட உமிக்கரியில் அது இன்னும் மிகுதி. முற்றாக எரிந்த உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். சிலிக்கா வெள்ளியைவிட மிகக் கடினமானது. பற்பசையிலும் அதுவோ அதன் இனத்தைச் சேர்ந்த தேய்பொருளோ இருக்கிறது. கைக்கு மாவுபோல மென்மையாகத் தெரியும் இப்பொருட்கள் வெள்ளியின் முகத்தில் அரத்தின் வேலையைச் செய்கின்றன. பூசை விளக்குக்கு இது பொருந்தும். விளக்கின் தடித்த உடம்பு அதைத் தாங்கும். அதில் வாசிக்க வேண்டிய நுண்ணெழுத்தும் இல்லை.

புளியும் எலுமிச்சையும் செம்புக்கும் பித்தளைக்கும் உரியவை. அவற்றிலுள்ள அமிலம் செம்பின் களிம்பைக் கரைக்கும், வெள்ளிச் சல்பைட்டை எளிதில் கரைக்காது. புளி போட்டு வெள்ளி வெளுத்தது என்றால் பெரும்பாலும் தேய்த்த கைதான் வெளுக்கச் செய்திருக்கும். உப்பையும் சேர்த்துக்கொண்டால் கேடு கூடும்.

அலுமினியத் தாளின் மேல் காசை வைத்து, அப்பச்சோடா கரைத்த சுடுநீரை ஊற்றும் முறை இப்போது பரவலாகியிருக்கிறது. இதில் கந்தகம் வெள்ளியை விட்டு நீங்குகிறது, வெள்ளி உலோகமாக மீள்கிறது, அழுகிய முட்டை மணமும் எழுகிறது; ஆகவே உலோக இழப்பே இல்லை என்று சிலர் வாதிடுவர். வாதத்தின் முதற்பாதி உண்மை. ஆனால் மீண்ட வெள்ளி தான் இருந்த பழைய வரிசையில் போய் அமர்வதில்லை. சொரசொரப்பான துகள்களாகப் படிந்து, காசுக்கு ஒளியற்ற, பால் படிந்தாற்போன்ற வெண்மையைத் தருகிறது. கடைகளில் கிடைக்கும் வெள்ளி துலக்கும் திரவங்கள் பலவற்றில் தயோயூரியாவும் அமிலமும் இருக்கும். அவை சில நொடிகளிலேயே சல்பைட்டைக் கரைத்துவிடும்; அளவுக்கு மிஞ்சினால் மூல ஒளியையும் உடன் கொண்டுபோகும்; எழுத்துகளின் இடுக்கில் தங்கிய மீதி, சில மாதங்களில் திட்டுத் திட்டாகப் பழுப்பு நிறம் காட்டும். நகைக்கடையில் கொடுத்தால் பொத்தானை அழுத்திச் சுழல்சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். நகைக்கு அது தொழில். காசுக்கு அது முகத்தை வழித்தெடுப்பதற்கு ஒப்பானது.

ஒன்றுமே செய்யக்கூடாது என்பதல்ல என் கருத்து. காசாக மாறிவிட்ட கறுப்பையும், காசின் மேல் வந்து ஒட்டிய அந்நியப் பொருளையும் பிரித்தறிந்தால், இரண்டாவதை நீக்குவது நன்மையே. எண்ணெய், மெழுகு, கைப்பிசுக்கு, ஒட்டுநாடாவின் பசை ஆகியவற்றைத் தூய அசற்றோன் என்னும் கரைப்பானில், கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிது நேரம் ஊறவிட்டு அகற்றலாம். அது வெள்ளியையும் சல்பைட்டையும் தொடுவதில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவத்தில் நிறமும் மணமும் கலந்திருக்கும் என்பதால் அதை இதற்கு எடுக்கக்கூடாது. அசற்றோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவில், காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். மென்மையான பீ.வீ.சீ. பிளாஸ்டிக் உறையில் பல ஆண்டுகள் கிடந்த காசின் மேல் பச்சையாக, பிசுபிசுப்பாக ஒரு படலம் தோன்றினால், அதை மட்டும் தள்ளிப்போடக்கூடாது. அந்தப் பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தை அரித்துக்கொண்டேயிருக்கும். அதற்கும் அசற்றோனே மருந்து.

உப்புநீர் பட்ட காசுகள் தனி வகை. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியிலிருந்து கல்முனை வரையும் அதற்கப்பாலும் கரையோர வீடுகளுக்குள் கடல் புகுந்தபோது, பெட்டிகளும் அலுமாரிகளும் மணலுக்குள் புதைந்தன. பின்னர் தேடி எடுத்தவற்றில் காசுகளும் இருந்தன. அத்தகைய காசில் சல்பைட்டுடன், சாம்பல் நிறத்தில் மெழுகுபோன்ற வெள்ளிக் குளோரைட்டும் உண்டாகியிருக்கலாம். நுண்துளைகளில் தங்கிய உப்பு, காற்றின் ஈரத்தை உறிஞ்சி அரிப்பைத் தொடரச் செய்யும். வடித்த நீரில் இட்டு, நாள்தோறும் நீரை மாற்றி, சில வாரங்கள் ஊறவிடுவது உப்பை மெதுவாக வெளியே இழுக்கும். பற்றரிக்கு ஊற்றும் நீரை வாங்குபவர்கள், அது நீர்தானா அமிலமா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஒட்டிய மணலை ஊசியால் குத்தி எடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. அந்த நாளில் ஆட்களை இழந்த வீட்டில் அந்தக் காசைத் துலக்குவதா என்ற கேள்விக்கு வேதியியலில் விடையில்லை. மணலோடேயே வைத்திருப்பவர்களை நான் அறிவேன், அவர்கள் செய்வது சரி.

மண்ணிலிருந்து கிடைத்த மிகப் பழைய காசு என்றால் முடிவு நம்முடையதே அன்று. தூண்டில்போல வளைக்கப்பட்ட வெள்ளிக் கம்பியான லாரின், போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கிருந்த காலத்தில் இலங்கையில் பணமாகப் புழங்கியது. வயல் உழும்போதோ கிணறு வெட்டும்போதோ அத்தகைய ஒன்று தட்டுப்பட்டால், 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதை அதிகாரிகளுக்கு அறிவிக்கும் கடமை உண்டு. கழுவாமல், ஒட்டிய மண்ணோடும், கிடைத்த இடத்தின் குறிப்போடும் கையளிக்கப்படும் காசுதான் ஆய்வாளருக்குப் பேசும்.

பண மதிப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிடுகிறேன். நன்கு தேய்ந்த சாதாரண ரூபா ஒன்று, அதிலுள்ள வெள்ளியின் விலையை ஒட்டியே விற்கும். அதைத் துலக்கினாலும் விடுத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. புழக்கத்துக்கே வராத காசிலும் அரிய ஆண்டுக் காசிலும்தான் இழப்பு கடுமையானது. வெளிநாட்டுத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் ஒன்று முதல் எழுபது வரை எண் கொடுத்துக் காசுகளை மதிப்பிடுகின்றன; தேய்த்துத் துலக்கப்பட்டது என்று கண்டால் அந்த எண்ணையே மறுத்து, துலக்கப்பட்டது என்று உறையில் எழுதிவிடுகின்றன. தன் கையிலிருப்பது இரண்டில் எது என்று அறியாதவர் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டுமே. உலர்ந்த இடத்தில் இருக்கும் வெள்ளிக்கு இன்னும் ஓராண்டுக் கறுப்பினால் பெரிதாக ஒன்றும் நேராது. தேய்த்ததைத் திருப்பிக் கொடுக்கவோ எவராலும் முடியாது.

அந்த உலர்ந்த இடத்தை உண்டாக்குவதில்தான் நம் உழைப்பு செலவாக வேண்டும். காசை விளிம்பில் பிடித்தெடுத்து, பீ.வீ.சீ. அல்லாத உறையிலோ அக்கிரிலிக் சிமிழிலோ இட்டு, இறுக மூடும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொதியுடன் வைத்து, மாரி தொடங்குமுன் அந்தப் பொதியை மாற்றினால் கறுப்பு பெருமளவு தணியும். செய்தித்தாளில் சுற்றுவதையும் சமையலறை அலுமாரியையும் தவிர்க்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இதைப் பேசியபோது அம்மா ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கறுத்த காசைப் பிள்ளைகளின் கையில் கைவிசேஷமாக நீட்டுவது மங்களமல்ல என்றார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. அந்த விக்டோரியா ரூபாவின் மூல முகம் எப்போதோ போய்விட்டது. நான்கு தலைமுறைப் பெண்களின் விரல்களே இப்போது அதன் முகம். ஆகவே அது கைவிசேஷக் காசாகவே தொடரும். திருநீற்றால் தேய்க்காமல், இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கலந்து கழுவி, மென்துணியில் ஒற்றி எடுப்பதென்று மட்டும் ஒத்துக்கொண்டோம். மற்றக் காசுகளை உறையிலிடும் வேலையைத் தங்கையின் மகளிடம் கொடுத்தேன். சாளரத்தருகே ஒன்றைச் சாய்த்துப் பார்த்தவள், கறுப்புக்குள் தாளிப்பனையின் ஓலைகள் ஒவ்வொன்றாகத் தெரிவதையும், விளிம்பை ஒட்டி ஒரு நீல வளையம் ஓடுவதையும் காட்டினாள். உறையின் வெளிப்புறத்தில் அவள் எழுதியது: 50 சதம், 1942, துலக்கப்படவில்லை.